எதுவரைக்கும் வரும்?

மஞ்சள் பையிலிருந்து கோடு போட்ட நோட்டு ஒன்றையும் ரப்பர் பேண்டு போட்ட மூன்று பணக்கட்டுகளையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு அந்த அக்கா கேட்டார்: “இது எதுவரைக்கும் வரும் தம்பி?”

2018 தை மாதம் அது. ஒரு கட்டு சீட்டு எடுத்த பணம். ஒரு கட்டு மகன் வேலை செய்யும் இடத்தில் வாங்கிய முன்பணம். மூன்றாவது கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தது. எதை எப்போது திருப்ப வேண்டும் என்பது நோட்டில் மகளின் கையெழுத்தில் இருந்தது. அக்கா என்னிடம் சித்தாள் வேலைக்கு வந்து அப்போது 16 வருடம். சென்னைப் புறநகரான திருநீர்மலையிலும் பம்மலிலும் அனகாபுத்தூரிலும் நான் கட்டிக்கொடுத்த வீடுகளில் பாதிக்குமேல் அவர் தலையில் சுமந்த கலவை இருக்கிறது. அவர் குடியிருந்தது மட்டும் திருநீர்மலை ஏரிப் பக்கம், கால் கிரவுண்டு மனையில், நான்கு கம்பு நட்டு மேலே போட்ட சிமெண்ட் ஷீட்டின் கீழே.

வீடு கட்ட வருகிறவர்கள் பொதுவாக “சதுர அடி என்ன ரேட்டு?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். மொத்தப் பணமோ வங்கிக் கடனோ கையில் இருக்கிறவர்களின் கேள்வி அது. நாகல்கேணி தோல் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், அனகாபுத்தூரில் தறி ஓட்டுகிறவர், மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் ஒப்பந்தத் தொழிலாளி, ஆட்டோ ஓட்டுகிறவர், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண் என்று யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர்கள் கேட்பது அக்கா கேட்டதைத்தான். பேஸ்மட்டம் வரைக்கும் வருமா, லிண்டல் வரைக்கும் வருமா, தளம் போட்டுவிடலாமா? 27 வருடம் இந்தத் தொழிலில் கற்றதெல்லாம் இந்த ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஏனென்றால் இல்லாதவர் வீடு ஒரே மூச்சில் எழும்புவதில்லை. சீட்டு விழும்போது கொஞ்சம், மகளுக்கு வேலை கிடைத்ததும் கொஞ்சம், போனஸ் வந்தால் ஒரு ஜன்னல் என்று பத்து வருடம் எழும்பிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்குத் தேவையான முதல் நுட்பம், இன்றைக்குக் கட்டியதை நாளைக்கு இடிக்காமல் மேலே தொடர முடிகிற மாதிரி கட்டுவது. விலை குறைந்த பொருள், புதுமையான சுவர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எனக்கு இது தலைகீழாகத்தான் தெரிந்திருந்தது. பாலிடெக்னிக்கில் சிவில் முடித்து, ஒரு அடுக்குமாடி கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, தனியாக வேலை எடுக்க ஆரம்பித்த புதிதில் எனக்குக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் மேல் தீராத பிடிப்பு. பர்மிங்காமில் 1917இல் பிறந்து, காந்தியைச் சந்தித்த பிறகு இந்தியாவுக்கே திரும்பி வந்து தங்கி, திருவனந்தபுரத்தில் மீனவருக்கும் பேராசிரியருக்கும் ஒரே அக்கறையோடு கட்டடம் கட்டி, 2007இல் இறந்தவர். பேருந்து பிடித்துப் போய் அவருடைய கட்டடங்களைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன். வந்த சூட்டோடு 2004இல் ஒரு தோல் தொழிலாளியின் வீட்டில் எலிப்பொறிக் கட்டு போட்டேன். செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, இரண்டு வரிசைக்கு நடுவில் பொந்து விட்டுக் கட்டுகிற சுவர் அது. ஒன்பது அங்குலச் சுவருக்குப் பிடிக்கிற செங்கலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சமாகும். நடுவில் காற்று நிற்பதால் வெயில் உள்ளே இறங்க நேரமாகும்.

கணக்கில் மிச்சமானது, வேலையில் ஆகவில்லை. எலிப்பொறிக் கட்டுக்குச் செங்கல் நாலு பக்கமும் சதுரமாக, விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். நம் பக்கம் அன்றைக்குக் கிடைத்த நாட்டுச் செங்கலில் ஒன்று 8¾ அங்குலம், அடுத்தது 9¼. பொறுக்கி அடுக்கவே ஒரு ஆள் தனியாக வேண்டியிருந்தது. வளைவைச் சமாளிக்கக் கலவை தடிமனாகப் போனதில் செங்கலில் மிஞ்சியது சிமெண்டில் போய்விட்டது. சுவர் எழும்பிய பிறகு மின்சார வேலைக்கு வந்தவர், பைப் புதைக்க உளியை வைத்து ஒரு அடி அடித்தார். முகப்புச் செங்கல் பொந்துக்குள் விழுந்தது. வீட்டுக்காரருடைய மாமியார் விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, “உள்ள ஒண்ணுமே இல்லியேப்பா” என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துக் கட்டுகிற வீட்டுச் சுவர் தட்டினால் கெட்டியாகக் கேட்க வேண்டும் என்று நினைக்க அவருக்கு உரிமை உண்டு.

பேக்கர் மேல் குறை ஒன்றுமில்லை. அந்த ஊர்ச் செங்கலையும் அந்த ஊர்க் கொத்தனாரையும் கையில் வைத்துக்கொண்டு அவர் யோசித்தார். நான் அவருடைய விடையை மட்டும் இங்கே தூக்கிவந்துவிட்டேன். இப்போது இயந்திரத்தில் அழுத்திய, அளவு பிசகாத நிலக்கரிச் சாம்பல் கல் கிடைக்கிறது. வயர் பைப்பைச் சுவரோடு சேர்த்தே ஏற்றிக்கொண்டு, வீட்டுக்காரர் விரும்பினால் எலிப்பொறிக் கட்டு இப்போதும் போடுகிறேன். மற்றபடி வெளிச்சுவருக்கு ஆறு அங்குல சாலிட் பிளாக், உள்ளே நாலு அங்குலம். சுவரைப் பற்றி இதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சிக்கன வீடு என்றதும் எல்லோரும் சுவரைத்தான் பேசுகிறார்கள். தவணையில் கட்டுகிற வீட்டில் பின்னால் திருத்திக்கொள்ள முடிகிற பாகம் சுவர்தான். பூச்சை அடுத்த வருடம் பூசலாம். தரையின் கீழே போனதையும் தலைக்குமேலே போனதையும் திருத்த முடியாது.

அதனால் அக்காவிடம் சொன்னேன்: “பேஸ்மட்டம் வரைக்கும்தான் வரும்க்கா.”

அவர் முகம் சுருங்கியது. அதே பணத்தில் லிண்டல் வரை ஏற்றிக்கொடுக்கும் ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். எப்படி ஏற்றுவார்கள் என்பதும் தெரியும். இரண்டடி வானம் தோண்டி, உடைகல்லை நிரப்பி, மேலே சுவரை நிறுத்திவிடுவார்கள். மலையடிவாரத்தில் அது பெரும்பாலும் தாங்கிவிடும். அங்கே கடப்பாரை மூன்றடியில் பாறையில் மோதும். பல்லாவரம், திரிசூலம், திருநீர்மலைக் குன்றுகள் எல்லாம் சார்னோக்கைட் எனப்படும் ஒரே இனத்துக் கருங்கல். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் இந்தக் குவாரிகளில் உடைத்த ஜல்லிதான் எங்களுக்கு வரும். இப்போது மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கத்திலிருந்து லாரியில் வருகிறது. ஆனால் அதே திருநீர்மலையில் மலையை விட்டு ஏரிப் பக்கம் இறங்கினால் மண் மாறிவிடும். முன்பு நெல் விளைந்த களிமண். சித்திரையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும், ஐப்பசியில் உப்பும். வருடா வருடம் மூச்சு விடுகிற மண்மேல் இரண்டடிக் கடைக்கால் நின்றால் மூன்றாவது மழைக்கு ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடும். பக்கத்து மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்த பிறகுதான் மண்ணைப் பற்றி நான் பேசினால் ஆட்கள் காது கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன் அதை நான் கூலி ஏற்றுகிற வழி என்று நினைத்தார்கள்.

ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மாதிரி மண்ணுக்கென்றே ஒரு முறையை வகுத்தது. கையால் சுற்றுகிற துளைக்கருவியால், மண் அசையாத ஆழம்வரை குழி இறக்குவது; குழியின் அடியைக் குடை போல அகலப்படுத்துவது; கம்பிக்கூடு இறக்கிக் கான்கிரீட் ஊற்றுவது. மேலே உள்ள மண் உப்பி இழுத்தாலும் அடியிலுள்ள குடை பிடித்துக்கொள்ளும். அக்கா மனையில் அப்படித்தான் குழி இறக்கினோம். தலைகளைச் சேர்த்து ஒரு பீம். அந்த பீமுக்கும் களிமண்ணுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும், மண் உப்பும்போது பீமைத் தூக்காமல் இருக்க. இந்த ஒரு சங்கதியை விட்டுவிட்டு முழுச் செலவையும் வீணாக்கிய வேலைகளைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு உயரம். திருநீர்மலை என்ற எங்கள் ஊர்ப் பெயரிலேயே நீர் இருக்கிறது. மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்து நின்றதால் பெருமாளைச் சேவிக்கத் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்தார் என்பது தலபுராணம். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் அடையாற்றோடு சேர்வது எங்கள் ஊர்ப் பக்கத்தில்தான். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் தொடங்கி அனகாபுத்தூர் வரை வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை உலகமே பார்த்தது. நான் பார்த்த இன்னொன்று, அந்த வீடுகள் கட்டிய நாளில் தெருவைவிட உயரமாகத்தான் இருந்தன. தார் மேல் தார் போட்டுத் தெரு ஏறிக்கொண்டே வந்தது. வீடு அங்கேயே நின்றது. பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு சுற்றறிக்கை அனுப்பினார். நல்ல உத்தரவு. ஆனாலும் ஒரு வீட்டின் ஆயுளில் தெரு இரண்டு தடவையாவது ஏறும் என்று வைத்துத்தான் நான் கணக்குப் போடுகிறேன். ஏரிப் பக்கம் என்றால் தெருவிலிருந்து மூன்றடிக்குக் குறைந்து பேஸ்மட்டம் நிறுத்துவதில்லை. வெளியே தெரியாமல் மண்ணை நிரப்பி மூடிவிடுகிற செலவு அது. பார்க்க வருகிற சொந்தக்காரர் “இவ்வளவு பணத்துக்கு வெறும் திண்ணையா?” என்று கேட்பார். அக்காவையும் கேட்டார்கள்.

அக்கா அந்தத் திண்ணையில்தான் குடியேறினார். பழைய ஷீட்டையும் கம்பையும் பிரித்து, புதுப் பேஸ்மட்டத்தின் மேல் நிறுத்திக்கொண்டார். 2018 ஐப்பசி, கார்த்திகை மழையில், அந்த இடத்துக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் வீட்டுத் தரை காய்ந்து கிடந்தது. சுவர் இல்லை, கூரை அதே பழைய கூரை. “நைட்டு எழுந்து பாத்திரம் எடுத்து மேல வெக்கல தம்பி” என்று அவர் சொன்னபோது, நான் கட்டிய எந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்திலும் வராத நிறைவு எனக்கு வந்தது.

அடுத்த வருடம் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில், சொந்த மனையில் தானே கட்டிக்கொள்ளும் பிரிவில் அவருக்குப் பெயர் வந்தது. மத்திய அரசின் 1.5 லட்சமும் மாநில அரசின் 60,000 ரூபாயும் சேர்த்து 2.10 லட்சம். கையில் பட்டா இருந்ததால் கிடைத்தது. அதே தெருவில் முப்பது வருடமாகக் குடியிருந்தும் புறம்போக்கு என்பதால் விண்ணப்பிக்கவே வழியில்லாத குடும்பங்கள் உண்டு. என்னைக் கேட்டால், இந்தப் பகுதியில் வீட்டுக்கு மிக அவசியமான கட்டுமானப் பொருள் பட்டாதான். அது கையில் இருந்தால் மற்றதை மக்கள் எப்படியாவது சேர்த்துவிடுகிறார்கள். இல்லையென்றால் பத்து வருடம் சம்பாதித்தும் ஷீட்டை மாற்ற மனம் வராது. எப்போது இடிப்பார்களோ என்ற பயத்தில் யார் கடைக்கால் எடுப்பார்கள்?

சுவர் எழும்பியது. ஆனி மாதம் தளம்.

தளம் போடுகிற நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டின் அடுத்த 50 வருடம் அந்த ஆறு மணி நேரத்தில் முடிவாகிறது. 400 சதுர அடி, ஐந்து அங்குலக் கனம் என்றால் பீம் இல்லாமல் ஏறக்குறைய 38 மூட்டை சிமெண்ட். ஒரு மூட்டைக்கு எவ்வளவு தண்ணீர் என்பதுதான் எல்லாம். ஒன்றுக்கு ஒன்றரை, மூன்று என்ற எம்-20 கலவைக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரவிதி சொல்வது 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டர். மணல் ஈரமாக இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். ஆனால் 30 லிட்டரில் கலவை கொஞ்சம் விறைப்பாகத்தான் வரும். பாண்டிலிருந்து வழுக்கி விழாது; கொத்தனார் இழுத்துப் பரப்ப வேண்டும். மதியம் ஆக ஆக, கை சலித்து “தண்ணி விடு” என்று மேலேயிருந்து குரல் வரும். மிக்சர் பக்கம் நிற்கிறவர் ஒரு வாளியைச் சாய்ப்பார். பாயசம் மாதிரி ஓடும், வேலை பறக்கும், பார்க்க நைசாகவும் இருக்கும். கூடுதலாக விட்ட தண்ணீர் பின்னால் காய்ந்து போன இடத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிற்கும். அதன் வழியே ஈரம் கம்பியைத் தொடும். கம்பி துரு ஏறி உப்பி, பன்னிரண்டு வருடத்தில் அடிப்பூச்சைத் தள்ளிக் கீழே போடும். தொட்டில் தொங்குகிற இடத்தில் அது விழுந்ததைப் பார்த்தவன் நான். நல்ல வேளை, தொட்டில் அன்றைக்குக் காலியாக இருந்தது.

தன் வீட்டுத் தளத்துக்கு மிக்சர் பக்கத்தில் அக்காவே நின்றார். 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றில் பாதி உயரத்தில் ஆணியால் கோடு கிழித்து வைத்திருந்தார். மூட்டைக்கு ஒரு முழு வாளி, கோடு வரைக்கும் இன்னொன்று. மேலேயிருந்து பெரியாள் தண்ணீர் கேட்டார். அக்கா நிமிர்ந்து பார்க்கவே இல்லை. மறுபடி கேட்டபோது, “பதினேழு வருஷமா நீ கேட்டு நான் ஊத்துன தண்ணி எவ்ளோன்னு எனக்குத் தெரியும். இது என் வீடு. இழுத்துப் போடு” என்றார். யாரும் சிரிக்கவில்லை. இழுத்துத்தான் போட்டார்கள். அன்றிலிருந்து என் எல்லா வேலைக்கும் அந்தக் கோடு போட்ட வாளி போகிறது. அளவு தெரிந்தவர்கள் சித்தாள்கள்தான். அவர்களிடம் கேட்காமல் மேலேயிருப்பவரின் சலிப்பைக் கேட்டு இத்தனை வருடம் வேலை செய்தோம்.

கம்பிக்குக் கீழே முக்கால் அங்குலம் கான்கிரீட் இருக்க வேண்டும். அதற்குக் கவர் பிளாக் வைக்காமல் ஜல்லித் துண்டைச் சொருகுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. முதல் நாள் மாலை அக்காவின் பேரப்பிள்ளைகள் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கவர் பிளாக்காக வைத்ததை நான் பக்கத்தில் நின்று எண்ணினேன்.

தளத்தின் கீழ்ப்பாதியில் உள்ள கான்கிரீட் பாரம் சுமப்பதில்லை, கம்பியைப் பிடித்துக்கொள்வதோடு சரி. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓட்டைப் பதித்துக் கான்கிரீட்டைக் குறைக்கிற நிரப்புத் தளம் இன்னொரு பேக்கர் முறை. ஐந்தில் ஒரு பங்கு கான்கிரீட் மிச்சமாகும், கீழே பூச்சும் தேவையில்லை. இடித்த வீட்டுச் சாமான் கடையில் ஓடு மலிவாகக் கிடைத்தபோது சில வீடுகளில் போட்டிருக்கிறேன், அழகாக வந்தது. எலிப்பொறிச் சுவரைவிட இதற்கு மதிப்பெண் அதிகம் கொடுப்பேன். அக்கா வீட்டில் போடவில்லை. மேலே இன்னொரு குடித்தனம் வரப்போகிறது, சுவர் எங்கே ஏறும் என்று இப்போது தெரியாது. அப்படிப்பட்ட தளத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

2019 கோடை சென்னை மறக்க முடியாதது. ஏரிகள் வறண்டு, குடிக்கவே லாரியை எதிர்பார்த்துக் குடத்தோடு நின்ற நேரம். தளம் போட்ட மறுநாளே சிலர் “தண்ணி கட்டாம விட்டுடலாமா சார்” என்று கேட்டார்கள். கடையில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த சிமெண்ட். அதற்குக் குறைந்தது பத்து நாள் ஈரம் வேண்டும் என்று விதி இருக்கிறது. 14 நாள் என்பது என் கணக்கு. பாத்தி கட்டித் தேக்கத் தண்ணீர் இல்லை. சாக்கை நனைத்து விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாளை இறுக்கமாகப் போர்த்தி, ஓரத்தில் கல் வைத்தோம். ஆவி வெளியேறாததால் காலையில் ஒரு தடவை நனைத்தால் அன்றைக்குப் போதும். அக்கா வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு முறை, வந்ததும் ஒரு முறை தாளைத் தூக்கிப் பார்த்தார்கள். காண்ட்ராக்டர் போடுகிற வாட்ச்மேன் இந்த அக்கறையைக் காட்டமாட்டார். பணம் குறைந்த வீட்டுக்காரர் தன் வீட்டில் போடக்கூடிய மிகப் பெரிய முதலீடு இந்தப் பதினாலு நாள் கவனம். அதற்குப் பைசா கிடையாது.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய சென்னைக்காரர்கள் தேக்கு விட்டங்களின்மேல் சின்னச் செங்கலைச் சுண்ணாம்புக் கலவையில் சாய்வாக நிறுத்திக் கட்டிய மெட்ராஸ் டெரஸ், இந்த ஊர் வெயிலுக்கென்றே உருவானது. அதன் மிச்சமாக நமக்கு வந்தது மாடியில் போடுகிற செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, அதன்மேல் தட்டோடு. பணம் தீர்ந்துபோகும்போது முதலில் வெட்டுவது அதைத்தான். மாடி எழும்பப் போகிற வீட்டில் அதைப் போடச் சொல்லவும் முடியாது. நான் சொல்வது கிளிஞ்சல் சுண்ணாம்பு. ஒவ்வொரு பங்குனியிலும் இரண்டு கை வெள்ளையடியுங்கள். உள்ளே படுத்திருக்கிற குழந்தைக்கு வித்தியாசம் தெரியும்.

வெளிப்பூச்சு, தரை டைல்ஸ், உள்கதவு, லாஃப்ட், பெயிண்ட் எல்லாம் காத்திருக்கலாம் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். காத்திருந்தன. மாடிப்படி காத்திருக்கக் கூடாது. அதை வெளியே, தெருப் பக்கம் வைத்தோம். மாடியில் ஒரு அறை எழும்பினால் வாடகைக்கு விடலாம். குடியிருப்பவர் நம் கூடத்தைத் தாண்டாமல் ஏறிப் போகலாம். வயதான காலத்தில் ஒரு சித்தாளுக்குப் பென்ஷன் அந்தப் படிக்கட்டுதான்.

தவணையில் கட்டுவதை ஏழையின் கையாலாகாத்தனம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உலக வங்கி உதவியோடு 1977இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் சின்னச் சின்ன மனை பிரித்து, தெரு, தண்ணீர், கழிவுநீர் வசதியோடு கொடுத்தார்கள். மிச்சத்தை மக்களே கட்டிக்கொண்டார்கள். இன்றைக்கு அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள். ஒன்றைப் போல ஒன்று இல்லாத மாடி வீடுகள், கீழே கடை, மேலே குடித்தனம். இந்தூரில் கட்டடக் கலைஞர் பி.வி. தோஷியின் ஆரண்யா குடியிருப்பும் அந்த வழிதான். 2004இல் சிலி நாட்டின் இக்கிக்கே நகரில் அலெஹாந்த்ரோ அரவேனா, இருந்த பணத்துக்கு முழுமையான சின்ன வீடு கட்டாமல், பெரிய வீட்டின் பாதியைக் கட்டிக் கொடுத்தார். படி, குளியலறை, தாங்கு சுவர் என்று குடும்பத்தால் தானே செய்ய முடியாத பாதி. மறு பாதிக்கு இடம் விட்டார். தோஷிக்கும் அவருக்கும் பின்னாளில் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது. அரவேனா விருது பெற்ற 2016இல் அந்த வீடுகளின் படங்களைப் பார்த்தபோது எனக்கு நாகல்கேணி ஞாபகம் வந்தது.

எங்களுக்குத் தென்கிழக்கே பெரும்பாக்கத்தில் மத்திய அரசின் லைட் ஹவுஸ் திட்டத்தில் 1,152 வீடுகளை முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பாகங்களைக் கொண்டுவந்து இணைத்துக் கட்டி, 2022 மே மாதம் திறந்தார்கள். போய்ப் பார்த்தேன். மூலை மட்டம் பிசகவில்லை, கான்கிரீட் முகம் கண்ணாடி மாதிரி. அந்த வேகமும் நேர்த்தியும் என்னால் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். நிலமே இல்லாத குடும்பத்துக்கு அது பெரிய வரம். ஆனால் மகனுக்குக் கல்யாணம் ஆனால் அங்கே ஒரு அறை சேர்க்க முடியாது, வாசலில் தையல் மெஷின் போட்டுக் கடை வைக்க முடியாது. வேலை இருக்கிற இடத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டால், வீட்டில் மிஞ்சியதைப் பஸ்ஸில் செலவழிப்பார்கள். வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் கால் கிரவுண்டு, பட்டா, தண்ணீர், கழிவுநீர்க் குழாய், ஒரு நல்ல கடைக்கால். இவ்வளவையும் அரசு கொடுத்தால் மேலே எழும்புவதை எங்களைப் போன்ற மேஸ்திரிகளும் அந்தக் குடும்பங்களும் பார்த்துக்கொள்வோம். 27 வருடத்தில் நான் வந்து சேர்ந்த முடிவு இது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அக்கா வீட்டில் தண்ணீர் இரண்டாவது படிவரை ஏறி நின்று, அங்கிருந்தே இறங்கியது. அன்றிரவு தெருவிலிருந்த பதினான்கு பேர் அந்த 400 சதுர அடியில் படுத்திருந்தார்கள்.

போன மாதம் அக்கா மறுபடி வந்தார். மஞ்சள் பை, நோட்டு, அதே கேள்வி. மாடிக்குப் போனோம். 2019இல் மேல்தளத்துக்காக விட்டிருந்த கம்பிகளை அப்படியே வானத்தைப் பார்க்க விடவில்லை. சிமெண்ட் பால் அடித்து, ஒவ்வொன்றையும் சுற்றி ஒன்றரை அடி உயரத்துக்கு மெலிந்த கலவையில் மூடி வைத்திருந்தோம், துளசி மாடம் போல. அக்காவே சுத்தியலால் ஒன்றைத் தட்டி உடைத்தார். ஆறு வருட மழைக்குப் பிறகு உள்ளே கம்பி சாம்பல் நிறத்தில், கடையிலிருந்து இறக்கியது போல இருந்தது. பக்கத்து வீட்டு மாடியில் அதே வருடம் விட்ட கம்பி பொரிந்து, விரலால் தேய்த்தால் செதிள் செதிளாக உதிர்கிறது. அந்த வீட்டில் மாடி எடுக்க இனித் தூணின் தலையை உடைத்துக் கம்பியைப் புதிதாகக் கட்ட வேண்டும். அதற்கு ஆகும் செலவில் ஒரு அறைக்குச் சுவர் எழுப்பலாம்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டு மொட்டை மாடியில் அப்படிக் கம்பி நின்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு இரும்பு பிரஷும் அரை மூட்டை சிமெண்டும் கொஞ்சம் எம்-சாண்டும் எடுத்துக்கொண்டு மேலே ஏறுங்கள். துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, சிமெண்ட் பாலைப் பூசி, ஒன்றுக்கு எட்டுக் கலவையில் கம்பியை முழுக்க மூடி, ஒரு வாரம் நனையுங்கள். ஐப்பசிக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.